சீட்டு எடுத்துத் தகுதி பார்க்கலாமா?

இன்றைக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. கல்லூரிக் கூடைப்பந்தில் அடுத்த கட்டப் போட்டிக்குப் போக எந்த அணிக்குத் தகுதி உண்டு, அதை எப்படி முடிவு செய்வது? கேட்டவுடன் விளையாட்டுத் துறைக்காரர்கள் நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை என்று தோன்றும். ஆனால் பெரம்பலூரிலோ அரியலூரிலோ படிக்கும் ஒரு மாணவருக்கு அந்த இடத்தோடு கோப்பை மட்டும் வருவதில்லை. பல்கலைக்கழக அணியில் சேர்ந்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குத்தான் மத்திய அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் காட்ட வேண்டிய மூன்றாம் படிவச் சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. "பாரம் வெச்சிருக்கியா?" என்று விளையாட்டுக்காரப் பிள்ளைகள் ஒருவரையொருவர் விசாரிப்பது இந்தக் காகிதத்தைப் பற்றித்தான். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிழைக்கிற வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு அந்தக் காகிதத்தின் விலை என்ன என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே எந்த அணி மேலே போகிறது என்பது பொது நியாயம் சம்பந்தப்பட்ட விஷயம். அதைப் பொது நியாயத்தின் அளவுகோலால்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஏணியைப் பார்த்துவிடுவோம். கல்லூரி அணிகள் தாங்கள் இணைவு பெற்ற பல்கலைக்கழகத்தின் போட்டியில் ஆடுகின்றன. அங்கே கண்ணில் பட்ட ஆட்டக்காரர்களைக் கொண்டு பன்னிரண்டு பேர் அடங்கிய பல்கலைக்கழக அணி உருவாகிறது. அது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகிறது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று மண்டலங்கள் நான்கு. ஒவ்வொன்றிலும் முதல் நான்கு இடங்களுக்குள் வருகிற அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகின்றன. அதிலும் முன்னணியில் வந்தால் 2020-இல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் வரை வழி திறக்கும். மேல்படிகள் ஓரளவு தெளிவானவை. சிக்கல் எல்லாம் அடிப்படியில் இருக்கிறது. அரியலூர் அரசு கலைக் கல்லூரி, குரும்பலூர், வேப்பந்தட்டை, ஜெயங்கொண்டம் அரசுக் கல்லூரிகள், தனியார் கலைக் கல்லூரிகள் எல்லாம் திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி சென்னையிலுள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஒரே ஊரில், ஒரே சாலையில் எதிரெதிரே இருக்கிற இரண்டு கல்லூரிகள் முறையான பல்கலைக்கழகப் போட்டி எதிலும் மோதாமலேயே மூன்று வருடத்தை ஓட்டிவிடலாம். இன்னொரு பக்கம், ஒற்றை வளாகம் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் தனியார் பல்கலைக்கழகமும் தென்மண்டலத்துக்கு நேரடியாக ஓர் அணியை அனுப்பலாம். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இணைந்துள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கும் அதே ஓர் அணிதான். அந்த ஒற்றை வளாகங்களில் கல்விக் கட்டணம் இல்லாமல் உயரமான பையன்களைச் சேர்த்து, விடுதி கொடுத்து, வருடம் முழுக்கப் பயிற்சி தருகிறார்கள். இங்கே பன்னிரண்டு இடத்துக்குப் பல மாவட்டங்கள் காத்திருக்கின்றன. இந்த வேறுபாட்டை நம்மால் இன்றைக்கு மாற்ற முடியாது. பன்னிரண்டு பேரைக் கண்டுபிடிக்கிற வழியை மாற்ற முடியும்.

அந்த வழி பெரும்பாலும் நாக்-அவுட். இரண்டு மூன்று நாளில் முடிக்க வேண்டும், கோர்ட் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், நடுவர்களுக்கு டி.ஏ. கொடுத்தாக வேண்டும். அதனால் தோற்றால் வெளியே. கடைசி நான்கு அணிகளுக்கு மட்டும் சில இடங்களில் லீக் வைப்பார்கள். ஒரு டிரா தாளை எடுத்துப் பாருங்கள். பத்தொன்பது அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தாளில் கோடுகள் முப்பத்திரண்டு அணிக்குப் போடப்பட்டிருக்கும். பதின்மூன்று அணிகளுக்கு 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று. மீதி ஆறு அணிகள் முதல் சுற்றில் மூன்று மேட்ச் ஆடியாக வேண்டும். யார் அந்த ஆறு பேர் என்பதைச் சீட்டுக் குலுக்கல்தான் சொல்கிறது. அந்த ஆறில் ஒன்று கோப்பையை வெல்ல வேண்டுமானால் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும், 'பை' வாங்கிய அணி நான்கே ஆட்டத்தில் வெல்லலாம். ஐந்தாவது ஆட்டம் சின்ன விஷயம் இல்லை. நாற்பது நிமிடம் ஓடி முடித்து, பேருந்து நிலையத்துப் பக்கம் சாப்பிட்டு வந்து, மதியம் மறுபடி நாற்பது நிமிடம் ஓடுவது பெஞ்சில் ஏழு பேர் மாற்று உட்கார்ந்திருக்கிற அணிக்கு ஒரு மாதிரி, ஓ.டி., அதாவது வகுப்புக்கு வராமல் ஆடப் போக அனுமதி, கிடைக்காமல் ஏழெட்டுப் பேரோடு வந்து சேர்ந்த அணிக்கு வேறு மாதிரி. பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரண்டு மாவட்டத்து அணிகள் பெரும்பாலும் எந்த வகை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. காலை ஆட்டத்துக்குத் திருச்சி போகிற அணி விடியற்காலையில் பேருந்து பிடித்து, பைகளை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்க வேண்டும்.

களைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், குலுக்கல் செய்கிற வேலையைக் கணக்காகவே பார்க்கலாம். பதினாறு அணி ஆடும் நாக்-அவுட்டில், சீட்டை முழுக்க எதேச்சையாக எடுத்தால், மிகச் சிறந்த அணியும் இரண்டாவது சிறந்த அணியும் ஒரே பாதியில் விழுகிற வாய்ப்பு பதினைந்தில் ஏழு. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி, இரண்டாவது சிறந்த அணி இறுதி ஆட்டத்தைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகும். சிறந்த நான்கு அணிகளும் நான்கு தனித்தனிக் கால்பகுதிகளில் விழுந்து, நான்கும் அரையிறுதிக்கு வருகிற வாய்ப்பு நூற்றுக்குப் 14 மட்டுமே. பலமான அணி எப்போதும் ஜெயிக்கும், நடுவர் ஒரு தப்பும் செய்யமாட்டார், யாருக்கும் கணுக்கால் பிசகாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. இந்தக் குறையை இங்கிலாந்தில் 1883-லேயே ஒருவர் டென்னிஸ் போட்டிகளை வைத்துச் சிறு புத்தகமாக எழுதிவிட்டார். ஆலிஸ் கதைகள் எழுதிய லூயிஸ் கரோல்தான் அவர், ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியர். நாக்-அவுட்டில் முதல் பரிசு மட்டுமே நியாயமாகப் போய்ச் சேர்கிறது, இரண்டாம் மூன்றாம் பரிசுகள் அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கின்றன என்பது அவர் வாதம். நமக்குக் கோப்பையை விட இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்கள்தான் முக்கியம். ஏனென்றால் அந்த அணிகளில் ஆடுகிறவர்கள்தான் தேர்வாளர் கண்ணில் படுகிறார்கள்.

சீடிங் வைக்கிறோமே, முந்தின வருடம் அரையிறுதிக்கு வந்த நாலு அணிகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறோமே என்று கேட்கலாம். நியாயமான பதில்தான், ஆனால் அரைப் பதில். பட்டப் படிப்பு மூன்று வருடம். ஒவ்வொரு மே மாதமும் அணியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளியேறிவிடுகிறது. போன வருட அணியின் பெயரில் இந்த வருட அணிக்குச் சலுகை கொடுக்கிறோம். புதிதாக மூன்று நல்ல பையன்களைச் சேர்த்த வேப்பந்தட்டைக் கல்லூரி அணிக்குத் தன்னைப் பற்றிச் சொல்ல வேறு ஆவணம் எதுவும் இல்லை. முதல் சுற்றில் திருச்சியின் பழம்பெரும் கல்லூரி ஒன்று எதிரே வந்து நின்றால், பத்துப் புள்ளியில் தோற்றுவிட்டு மாலைப் பேருந்தில் திரும்பும். அந்த அணி உண்மையில் ஐந்தாவது சிறந்த அணியா பதினைந்தாவது அணியா என்று யாருக்கும் தெரியாது. ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு கேள்வி வைத்து, அதுவும் பிள்ளைக்குப் பிள்ளை வேறு வேறு கேள்வி வைத்து, பட்டம் கொடுப்பதற்கு இது சமம்.

இந்தக் கேள்வியை உலகத்திலேயே அதிகமாக விவாதிக்கிற நாடு அமெரிக்கா. அங்கே முதல் நிலைக் கல்லூரி அணிகள் 360-க்கும் மேல். மார்ச் மாதத் தேசியப் போட்டியில் 2011-இலிருந்து 68 இடங்கள். எந்த அணிக்கு இடம், எந்த அணிக்கு இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சியில் அறிவிப்பார்கள். அதற்கு முன் ஒரு மாதமும் பின் ஒரு வாரமும் நாடே அதைப் பற்றிச் சண்டை போடும். அந்தச் சண்டையே ஆரோக்கியம் என்பது என் கருத்து. சண்டை போட அவர்களிடம் பொருள் இருக்கிறது. ஒவ்வோர் அணியும் அந்த ஞாயிறுக்கு முன் முப்பது ஆட்டம் போல ஆடியிருக்கும். யாரோடு, எங்கே, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்று எல்லாம் பதிவில் இருக்கும். நம்மிடம் சண்டை வராததற்குக் காரணம் நாம் நியாயவான்கள் என்பதல்ல, பேசுவதற்குப் பதிவே இல்லை என்பதுதான்.

ஆனால் அமெரிக்காவும் எடுத்த எடுப்பில் இந்த நிலைக்கு வந்து சேரவில்லை. 1939-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய அந்தப் போட்டியில், வட்டார லீகின் சாம்பியனுக்கு மட்டுமே அந்த லீகிலிருந்து இடம் என்பது பல வருடம் விதியாக இருந்தது. 1971-இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி 24 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டும் தோற்றது. அந்த இரண்டு தோல்வியும் ஒரே அணியிடம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலேயே இருந்த யு.சி.எல்.ஏ., அந்த வருடத் தேசிய சாம்பியன். தெற்குக் கலிபோர்னியாவுக்கு இடம் இல்லை. மூன்று வருடம் கழித்து, 1974 மார்ச்சில், மேரிலாண்ட் அணி தன் வட்டார இறுதி ஆட்டத்தில் வட கரோலினா ஸ்டேட் அணியிடம் 103-100 என்ற கணக்கில், அதுவும் கூடுதல் நேரத்தில் தோற்றது. நாட்டின் தரவரிசையில் முதல் ஐந்து இடங்களுக்குள் இருந்த இரண்டு அணிகள் மோதிய ஆட்டம் அது. வென்ற அணி போய்த் தேசியக் கோப்பையையே வாங்கிவந்தது. மூன்று புள்ளியில் தோற்ற அணிக்குத் தேசியப் போட்டியில் நுழைவே கிடையாது. இதன் பிறகு பொறுக்கமுடியாமல் 1975-இல் போட்டியை 32 அணிகளாக விரித்தார்கள். சாம்பியன் அல்லாத அணிக்கும் அதன் வருடாந்திரப் பதிவைப் பார்த்து இடம் கொடுக்கலாம் என்று விதி மாறியது.

அன்றிலிருந்து அவர்கள் முறை இரண்டு காலில் நிற்கிறது. ஒன்று, ஒவ்வொரு வட்டார லீகின் சாம்பியனுக்கும் கேள்வி முறையில்லாமல் ஓர் இடம். 2025-இல் அப்படி 31 இடங்கள். அந்த லீக் எவ்வளவு பலவீனமானது என்று யாரும் கேட்க முடியாது. இன்னொன்று, மிச்சமுள்ள 37 இடங்களை ஒரு குழு பதிவுகளைப் பார்த்து நிரப்புகிறது. உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கல்லூரி பேசப்படும்போது அவர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். குழு பார்க்கிற அளவுகோல்களும் வெளிப்படையானவை, காலத்துக்குக் காலம் திருத்தப்படுபவை. 1981-இலிருந்து ஒரு குறியீட்டெண் இருந்தது. அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு அதில் கால் பங்குதான் மதிப்பு. அது மோதிய எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்குப் பாதி, அந்த எதிரணிகளின் எதிரணிகளுக்கு மீதிக் கால் பங்கு. வெறும் வெற்றிகளை எண்ணாதே, யாரை வென்றாய் என்று பார் என்பதன் கணித வடிவம் அது. பிறகு 2004-05 பருவத்தில் சொந்த மைதான வெற்றியை 0.6 ஆகவும் எதிராளி மைதானத்தில் பெற்ற வெற்றியை 1.4 ஆகவும் எண்ணத் தொடங்கினார்கள். அதிலும் ஓட்டை இருக்கிறது, ஆள் பார்த்து ஆட்டம் பொருத்திக்கொள்கிறார்கள் என்று விமர்சனம் வந்து, 2018-இல் அந்தக் குறியீட்டெண்ணையே கைவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தார்கள். இப்போது முதல் தர வெற்றி என்றால், தரவரிசையில் முதல் 30-க்குள் உள்ள அணியைச் சொந்த மைதானத்தில் வெல்ல வேண்டும். எதிராளியின் மைதானத்தில் என்றால் முதல் 75-க்குள் உள்ள அணியை வென்றாலே போதும். பயணம் செய்து ஆடுகிறவனுக்கு அந்தப் பயணத்துக்கு மதிப்பெண் உண்டு என்பதை ஒரு விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். விடியற்காலைப் பேருந்தில் திருச்சி போகிற அணியை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும்.

அமெரிக்க முறையை அப்படியே தூக்கி வரச் சொல்லவில்லை. அவர்களுடைய பணம் நமக்கு வராது, வரவும் வேண்டாம் என்றே சொல்வேன். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரண்டு கால்களை மட்டும். அதற்கு முதலில் இங்கே ஒரு பருவம் வேண்டும், ஆட்டங்களின் ஒரு வரிசை வேண்டும். பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகள் சேர்ந்து ஒரு சிறு லீக் நடத்தலாம். இந்த இரண்டு மாவட்டங்களும் பிரிந்தும் சேர்ந்தும் வந்தவை. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது, 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, அடுத்த வருடமே மறுபடி சேர்ந்தது, 2007-இல் மீண்டும் தனியானது. இரண்டு தலைநகரங்களுக்கும் இடையே சுமார் முப்பது கிலோமீட்டர். எந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி என்று பார்க்காமல் ஆறு அணிகளைச் சேர்த்தால், ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடும் ஒருமுறை ஆட மொத்தம் பதினைந்து ஆட்டம். பதினாறு அணி நாக்-அவுட்டுக்கும் அதே பதினைந்து ஆட்டம்தான். நடுவர் செலவு ஒன்று, பந்து ஒன்று, கோர்ட் ஒன்று. ஆனால் அங்கே எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு ஊர் திரும்புகின்றன, இங்கே ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ஆட்டத்தின் கணக்கு கையில் இருக்கும். ஒரு சனிக்கிழமைக்கு மூன்று ஆட்டம் என்றால் ஐந்து சனிக்கிழமையில் முடிந்துவிடும். ஒரு வாரம் பெரம்பலூர், மறுவாரம் அரியலூர் என்று மாற்றி மாற்றி ஆடலாம். இதில் முதலில் வருகிற பாரதிதாசன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பல்கலைக்கழகப் போட்டியின் கடைசிச் சுற்றில் நேரடி இடம் கேட்பது, மற்ற மாவட்டங்களுக்கும் அதே உரிமையைக் கொடுப்பது, மீதி இடங்களுக்கு இந்தப் பதிவுகளை மேசையில் வைத்துப் பேசுவது. கோரிக்கை இவ்வளவுதான்.

இதற்கு எதிராக வரும் வாதங்களில் பலமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாக்-அவுட்டில் குறை இருக்கலாம், ஆனால் அது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. குழு என்று ஒன்றை உட்கார வைத்தால் சிபாரிசு வரும், சாதி வரும், பழைய மாணவர் பாசம் வரும். பந்து கூடையில் விழுந்ததா இல்லையா என்பதில் மட்டும் இதெல்லாம் நுழைய முடியாது. இந்த அச்சம் நியாயமானது, நம் ஊர் அனுபவத்திலிருந்து வருவது. ஆனால் இதை முன்வைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குழு ஏற்கெனவே இருக்கிறது. பல்கலைக்கழக அணிக்கான பன்னிரண்டு பேரைத் தேர்வாளர்கள்தான் எடுக்கிறார்கள். எந்த ஆட்டத்தை எவ்வளவு நேரம் பார்த்து எடுத்தார்கள் என்பதற்குத்தான் ஆவணம் இல்லை. சிபாரிசு செழிப்பது ஆவணம் இல்லாத இடத்தில். ஐந்து ஆட்டத்தில் சராசரி பதினெட்டுப் புள்ளி போட்ட ஜெயங்கொண்டத்துப் பையனை ஒதுக்கிவிட்டு வேறொருவரை எடுத்தால், ஏன் என்று கேட்க ஸ்கோர் ஷீட் கையில் இருக்கும். கேள்வி வரும் என்று தெரிந்தாலே தேர்வாளர் கை கொஞ்சம் நிதானிக்கும். அதோடு, சாம்பியனுக்குரிய நேரடி இடத்தில் குழுவுக்கு எந்த வேலையும் கிடையாது. பந்தின் தீர்ப்பை மட்டும் நம்புகிறவர்களுக்கு அந்த இடம் அப்படியே இருக்கிறது. ஒரே நாளின் தீர்ப்பாக இல்லாமல் ஐந்து நாளின் தீர்ப்பாக இருக்கும், அவ்வளவே வித்தியாசம்.

இங்கே ஒரு சின்ன விலகல். அழைப்புப் போட்டிகளை வைத்துச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டியும், கோயம்புத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் தமிழ்நாட்டுக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ராணுவம், விமானப்படை என்று யாரை அழைப்பது என்று நடத்துகிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். அதில் யாருக்கும் குறை இல்லை. சொந்தக் காசில் விருந்து வைக்கிறவருக்கு விருந்தாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. பல்கலைக்கழகப் போட்டி அப்படிப்பட்டதல்ல. அரசு வேலைக்குச் செல்லுபடியாகும் சான்றிதழ் அதன் முனையில் தொங்குகிறது. நடத்துகிறவரின் வசதியைக் காரணமாகச் சொல்லி அங்கே விதியைச் சுருக்க முடியாது.

அடுத்த வாதம் தரம் பற்றியது. சிறிய மாவட்டத்துக்கு நேரடி இடம் கொடுத்தால், திருச்சி, தஞ்சாவூர்க் கல்லூரிகளில் உள்ள நல்ல அணி ஒன்று அந்த இடத்தை இழக்கும், கடைசியில் பல்கலைக்கழக அணிதான் பலவீனப்படும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. அமெரிக்கப் போட்டியில் 1985 முதல் 2025 வரை, கடைசித் தரமான பதினாறாம் நிலை அணிகள் முதல் நிலை அணிகளோடு மோதிய 160 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டில்தான். 2018-இல் மேரிலாண்டின் பால்டிமோர் கவுன்டி கல்லூரி விர்ஜினியாவை 74-54 என்று சாய்த்தது, 2023-இல் பேர்லி டிக்கின்சன் பர்டூவை வென்றது. 158 முறை எதிர்பார்த்ததுதான் நடந்தது. அந்த 158-ஐ வைத்து யாரும் சிறிய லீக்குகளின் இடத்தைப் பறிக்கவில்லை. காரணம், அந்த ஓர் இடம் இருக்கிறது என்பதால்தான் அந்தச் சிறிய லீகின் ஒவ்வொரு கல்லூரியும் முப்பது ஆட்டம் போல ஆடுகிறது, பயிற்சியாளருக்குச் சம்பளம் வருகிறது, உள்ளூர்ப் பையன் பந்தைத் தொடுகிறான். நம்மூரிலும் தரம் முதலில், இடம் பிறகு என்று காத்திருந்தால் தரம் எங்கிருந்தும் வராது. திருச்சியின் நல்ல அணிக்கு நேரும் இழப்புக்குப் பதில் இரண்டாவது காலில் இருக்கிறது. சாம்பியன் ஆகாவிட்டாலும் பதிவைக் காட்டி அது உள்ளே வரலாம். அமெரிக்காவில் கடும் விமர்சனத்துக்கு நடுவே குழு உள்ளே விட்ட அணியே 2011-இல் அரையிறுதி வரை போனது, விர்ஜினியா காமன்வெல்த் அணி. குழுவின் தவறு என்று தொலைக்காட்சியில் சொன்னவர்கள் பின்னர் வாயடைத்துப் போனார்கள்.

மாவட்டத்துக்கு ஓர் இடம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய கொள்கையும் அல்ல. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, அரசு ஊழியர், மாற்றுத்திறனாளி என்று பிரித்து, மாவட்டத்திலிருந்துதான் மாநில அளவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரி என்ற வேலி கிடையாது. அரசு மாவட்டத்தை ஓர் அலகாக ஏற்றுக்கொண்ட பிறகு, பல்கலைக்கழகங்கள் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்று கேட்பதில் தப்பு இல்லை.

செமஸ்டர் அட்டவணை, வருகைப் பதிவு, செலவு என்ற தடையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது பெரிதாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதில்லை. ஐந்து சனிக்கிழமை என்பதால் வகுப்பு போகாது, ஓ.டி. கேட்டுத் துறைத்தலைவர் அறை வாசலில் நிற்க வேண்டாம். இரவு தங்க வேண்டாம். முப்பது கிலோமீட்டருக்குக் கல்லூரிப் பேருந்தோ நகரப் பேருந்தோ போதும். ஒரு கல்லூரி பாதியில் கைவிட்டால் என்ன செய்வது என்பது உண்மையான கவலை. முதல் இரண்டு ஆட்டம் தோற்றவுடன் மூன்றாவது சனிக்கிழமை வராமல் வாக் ஓவர் கொடுக்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. சர்வதேச விதியிலேயே இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. லீகில் வென்றால் இரண்டு புள்ளி, தோற்றால் ஒரு புள்ளி, வராமல் போனால் சுழியம். ஆடித் தோற்றவருக்கும் வராதவருக்கும் வித்தியாசம் அட்டவணையிலேயே தெரிந்துவிடும். புள்ளி சமமானால் அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவைப் பார்ப்பார்கள். இந்த இரண்டு விதியையும் முதல் நாளே எழுதி எல்லாக் கல்லூரிக்கும் கொடுத்துவிட்டால் பாதித் தகராறு பிறக்காமலே போகும்.

நான் இன்னும் நல்ல பதில் வைத்திராத இடம் மகளிர் அணிகள். இந்த இரண்டு மாவட்டங்களிலும் கல்லூரிகளில் பெண்கள் நிறையப் படிக்கிறார்கள், ஆனால் பன்னிரண்டு பேர் கொண்ட முழுக் கூடைப்பந்து அணியை ஐந்து வாரம் தொடர்ந்து இறக்கக்கூடிய கல்லூரிகள் ஆறு சேருமா என்பது சந்தேகம். சனிக்கிழமை மாலை ஆட்டம் முடிந்து கிராமத்துக்குத் திரும்பப் பேருந்து கிடைக்குமா என்பது இன்னொரு கேள்வி. அவர்களுக்கு மூவர் கூடைப்பந்தில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அது டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டு. அரை கோர்ட், ஒரு மாற்று ஆளைச் சேர்த்து அணிக்கு நாலு பேர், பத்து நிமிடம் அல்லது இருபத்தொரு புள்ளி. ஒரே காலையில் ஆறு அணிகளும் ஒன்றோடொன்று ஆடி முடித்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்விடலாம். ஆனால் ஐவர் ஆட்டத்துக்கான பல்கலைக்கழக அணித் தேர்வில் மூவர் ஆட்டப் பதிவை எந்த அளவுக்கு எண்ணுவது என்பதை, பெண்கள் அணிகளை நடத்துகிற இயக்குநர்கள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். இந்த அவையில் அவர்கள் சிலர் இருக்கிறார்கள். கேள்வி நேரத்தில் அங்கிருந்து தொடங்கலாம்.